பத்தொன்பது நாள் நாட்டில் இல்லாத குளவி

சென்ற மாதம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊசியில் குத்திய சின்ன முக்கோண அட்டை, அதன் நுனியில் ஒட்டிய மூன்று மில்லிமீட்டர் குளவி, கீழே இரண்டு லேபிள்கள். முதல் லேபிள் அச்சில் இருக்கிறது: கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், மல்லிகை மொட்டுப் புழுவிலிருந்து. இரண்டாவது என் கையெழுத்து: “இந்நாட்டுப் பூச்சி அல்ல. தவறு என்னுடையது.” படத்தின் அடியில், “சார், இதுல என்னமோ கதை இருக்கு போல?” என்று கேட்டிருந்தார்.

இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் அனைவருக்குமாகவே எழுதுகிறேன். நுண்ணோக்கியையும் இறக்கை நரம்புகளையும் நான் இல்லாமலேயே கற்றுக்கொள்வீர்கள். நான் செய்த தவறை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

என்ன வேலை என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். பயிரைத் தின்னும் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் குளவிகளைப் பெயர் கண்டு எழுதி வைக்கிற வேலை என்பீர்கள். அதற்கா சம்பளம் என்பார்கள். என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. நான் ஏதோ ரகசிய இலாகாவில் இருப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தார். ஆனால் இந்த வேலையில் ஒரு சந்தோஷம் உண்டு. உலகத்துக்குத் தெரிந்த ஒரு குளவி, நம் நாட்டுப் பட்டியலில் மட்டும் இல்லை. நீங்கள் அதை இங்கே கண்டுபிடிக்கிறீர்கள். அன்றிலிருந்து பட்டியலில் ஒரு வரி கூடுகிறது, பக்கத்தில் உங்கள் பெயர். முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு அந்தச் சந்தோஷம் பதினோரு முறை கிடைத்தது. பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அந்தப் பன்னிரண்டாவதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். சாமி படத்துக்குப் போட எடுத்தவர், “அய்யய்யோ, புழு!” என்று சரத்தை மேசையில் போட்டார். மற்ற வீடுகளில் அந்தப் பூ குப்பைக்குப் போயிருக்கும். எங்கள் வீட்டில் மருந்துக் குப்பிக்குள் போனது. சாமிக்கு அன்று செம்பருத்தி.

சில நாளில் குப்பிக்குள் புழு செத்து, பக்கத்தில் பாதி அரிசி அளவில் வெள்ளைக் கூடு ஒன்று இருந்தது. அடுத்த வாரம் அதிலிருந்து ஒரு குளவி வந்தது. பழுப்பு உடம்பு, எலுமிச்சை மஞ்சளில் கால்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த நம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு அதைச் சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். மூன்று நாள் புத்தகங்களோடு உட்கார்ந்தேன். நான்காம் நாள் சந்தேகம் தீர்ந்தது. இந்தியாவில் நன்றாகத் தெரிந்த இனம். மலேசியப் பட்டியலில் இல்லை.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கேசரி வாங்கப் போனார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் கஸ்தூரி என்று ஒரு தொழில்நுட்ப உதவியாளர். கிள்ளான் பக்கம் மேருவில் வீடு, அப்போது நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். பட்டம் கிடையாது. ஆனால் புழு வளர்ப்பதில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. எங்கள் கையில் செத்துப்போகும் புழு அவர் கையில் பிழைக்கும். என் பதினோரு குளவிகளில் ஆறு அவர் வளர்த்த புழுவிலிருந்து வந்தவை. கட்டுரையின் கடைசியில் ‘நன்றி’ என்ற இடத்தில் அவர் பெயர் வரும். எழுதியவர்களைச் சொல்லும் முதல் வரியில் வந்ததே இல்லை. அது யாருக்கும், எனக்கும், உறுத்தவில்லை.

கஸ்தூரி நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். “அழகா இருக்கு சார். மஞ்சக்காலி” என்று பெயரும் வைத்தார். பிறகு லேபிளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? இந்தப் பூ பிரிக்பீல்ட்ஸ்லயா பூத்துச்சு?”

“வாங்கினது பிரிக்பீல்ட்ஸ். லேபிள்ல அதான் வரும்.”

“இல்ல சார், செடி எங்க...”

“கஸ்தூரி, புழு எங்க கிடைச்சதோ அந்த இடத்த எழுதணும். இது நான் உனக்கு சொல்லித் தரணுமா?”

அறையில் நான்கு பேர் கேசரியோடு நின்றார்கள். கஸ்தூரி முகம் சிவந்தது. “சரி சார்” என்று தன் குப்பிகளிடம் போய்விட்டார்.

கவனியுங்கள், நான் சொன்ன விதி சரியான விதிதான். காட்டில் பிடித்த பூச்சிக்கு அந்த விதி போதும். கடையில் வாங்கிய பூவுக்கு அந்த விதியைச் சொன்னது, கேட்டவரின் வாயை அடைக்கத்தான். அவர் கேட்ட அந்த நொடியில் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கேசரியால் அமுக்கினேன்.

கட்டுரை எழுதினேன், ஆய்வுப் பத்திரிகை ஒன்றில் ஏற்றுக்கொண்டார்கள். அச்சாக இன்னும் ஆறு வாரம் இருந்தது. அப்போது ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவன், இன்னும் நான்கைந்து குளவி கிடைத்தால் நல்லதே என்று அதே பூக்கடையில் நின்றேன். கடைக்காரம்மா வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுபவர். பேசும்போதே சரம் நீண்டுகொண்டிருக்கும்.

“அக்கா, கொஞ்சம் புழு விழுந்த மொட்டா பாத்துக் குடுங்க.”

கை நின்றுவிட்டது. “சார், முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். புழு இல்லாம குடுனு கேட்டுதான் பாத்திருக்கேன்.”

விளக்கினேன். சிரித்தார். பேச்சோடு பேச்சாக, “இந்தப் பூவெல்லாம் எந்தப் பக்கத் தோட்டம்கா?” என்று கேட்டேன்.

“தோட்டமா? இங்க எங்க சார் இவ்ளோ மல்லி? எல்லாம் பிளேன் பூ. நேத்து மதுரைப் பக்கம் பறிச்சது, இன்னிக்கு காலையில ஏர்போர்ட், பத்து மணிக்கு என் கூடை. பாஸ்போர்ட் ஒண்ணுதான் இல்ல.”

“எல்லாமேவா?”

“என் கடையில எல்லாமே. ஏன் சார் மூஞ்சி இப்படிப் போவுது? பூ வேணுமா வேணாமா?”

நான் பூ வாங்காமல் வந்துவிட்டேன்.

இனிச் சொல்வதை மெல்லப் படியுங்கள். அதுவரை நடந்தது தவறு. யாருக்கும் நேரும். அதற்குப் பின் நடந்தது வேறு. என் கையில் ஆறு வாரம் இருந்தது. ஒரு மின்னஞ்சல் போதும்: “நிறுத்துங்கள், பூ வெளிநாட்டுப் பூ.” நான் அனுப்பவில்லை. ஆண்டறிக்கையில் தலைமை அதிகாரி ஏற்கெனவே சேர்த்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கேயும் மல்லிகை வளர்கிறது, எங்காவது அந்தக் குளவி இருக்கத்தான் செய்யும் என்றும் சொல்லிக்கொண்டேன். கட்டுரை வந்தது. பாராட்டுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு பொய்யை நாட்டின் பட்டியலில் அச்சடித்துவிட்டு, கடைசிப் பெருமையாக அதைச் சுமந்துகொண்டு ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் ஆனது.

கஸ்தூரி, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஓலையைத் தின்னும் புழுக்களைச் சேகரிக்க ஜெஞ்சாரோம் பக்கம் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே சாலையோரம் ஒரு மலாய் அம்மாளின் வீடு. அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவார்கள். வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை, வேலி முழுக்க மல்லிகை. மலாயில் அதற்கு மெலூர் என்று பெயர். நாசி லெமாக் வாங்க நின்ற கஸ்தூரி மொட்டுகளில் துளையைப் பார்த்திருக்கிறார். கேட்டுப் பறித்து வந்து, யாரிடமும் சொல்லாமல் வளர்த்திருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலை என் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கையில் குப்பி, அதில் ஆறு குளவிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“சார், மஞ்சக்காலி! ஆறு! ஜெஞ்சாரோம் மக்சிக் வீட்டு வேலி! உயிரோட சார், பாருங்க!”

பார்த்தேன். சந்தேகமே இல்லை. இந்த மண்ணில் வேர்விட்ட செடி, அதில் புழு, அதில் குளவி. இந்த நாட்டின் முதல் சரியான பதிவு என் மேசைமேல் நின்றது.

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினார். “நீங்க சொன்னது சரிதான் சார். உங்க பூச்சி இங்க இருக்கு. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் பூ எங்க பூத்துச்சுனு கேட்டு உங்கள சந்தேகப்பட்டுட்டேன். ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. மன்னிச்சிடுங்க சார்.”

“பரவாயில்லமா” என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் சொன்ன சொற்களில் திரும்ப எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுக்கு அனுமதி உண்டென்றால் அந்தப் ‘பரவாயில்லமா’வைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு வாரத்தில் கஸ்தூரி ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொண்டு வந்து திருத்தித் தரச் சொன்னார். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் கட்டுரை. தலைப்பு: ‘கூடுதல் இடப் பதிவு’. கூடுதல்! என் பொய்ப் பதிவு முன்னால் நின்றதால் அவருடைய உண்மைப் பதிவு இரண்டாவதாகிவிட்டது. எனக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது கடைசிவரை இரண்டாவதாகவே இருக்கும். அவருக்கு அந்த ஒரு வரி இனியொரு முறை கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. குறிப்பின் முதல் வாக்கியத்தில் எனக்கு நன்றி வேறு. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிட முடிவு செய்தேன். ஆனால் என் கோழைத்தனம் அங்கேயும் ஒரு வழி கண்டுபிடித்தது. உண்மையை இப்போதுதான் தெரிந்துகொண்டதுபோல் சொல்லலாம் என்று திட்டமிட்டேன். ஒரு சனிக்கிழமை கஸ்தூரியைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். சாப்பிட்டுவிட்டு, தற்செயலாக நடப்பதுபோல் பூக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரம்மா சரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் வசனம் பேசுபவன்போல் கேட்டேன்:

“அக்கா, இந்தப் பூ எங்கேருந்து வருது?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

“என்ன சார் இது! போன வருஷம் இதே எடத்துல நின்னு இதே கேள்விதான கேட்டீங்க? பிளேன்ல வருதுனு சொன்னதும் பேயறைஞ்ச மாதிரி பூ வாங்காம போனீங்களே! புழுப் பூ கேட்ட சார்தான நீங்க? வயசாச்சுனா வல்லாரை சாப்பிடுங்க சார், ஞாபகத்துக்கு நல்லது.”

அந்த நிமிடம் பிரிக்பீல்ட்ஸ் சாலை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரம்மாவிடம், “ஒரு முழம் குடுங்கக்கா” என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன்.

இருவருக்கும் கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயில்தான். எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு நிலையம் கடந்தது.

“போன வருஷம் எப்போ சார்?”

“கட்டுரை அச்சாகறதுக்கு ஆறு வாரம் முன்னால.”

“நான் மன்னிப்பு கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

ஷா ஆலம் வந்தது. சட்டென்று கையை நீட்டினார், கடைக்காரர் சில்லறை கேட்பதுபோல்.

“அத திருப்பிக் குடுங்க.”

“எதமா?”

“என் மன்னிப்ப. நான் கேட்டது சரியான கேள்வி. அதுக்குப் போய் நான் எதுக்கு மன்னிப்பு கேட்டேன்? ஒரு வருஷம் மனசுல வச்சு அவஸ்தைப்பட்டேன் லா! குடுங்க.”

“குடுத்துட்டேன் கஸ்தூரி. நான்தான் கேக்கணும். மன்னிச்சிடு.”

“அத அப்புறம் யோசிக்கிறேன்” என்றார், கையை மடக்கிக்கொண்டு. ஜன்னல் பக்கம் திரும்பினார். அடுத்த நிலையம் வருவதற்குள் அவர் தோள் மெல்லக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு.

“சார், அப்போ மலேசியாவுக்கே மொதல் மஞ்சக்காலி என்னோடதா?”

“உன்னோடது.”

“மக்சிக் வேலியோடது!” என்று கத்தியே விட்டார். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சீனப் பெரியவர் என்ன விஷயம் என்று புரியாமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் சிரித்தேன். அவ்வளவு பெரிய அவமானத்தில் ஒருவனால் சிரிக்க முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை தலைமை அதிகாரியிடம் போனேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “எதுக்கு இதெல்லாம் இப்போ? இன்னும் ரெண்டு மாசம். குளவி இங்க இருக்குனு நிரூபணமும் ஆயிடுச்சு. பட்டியல் சரியாத்தானே இருக்கு? யாருக்கு நஷ்டம்?” கெட்ட மனிதர் இல்லை, என் மேல் இருந்த பிரியத்தில் சொன்னார். அந்தக் கேள்வி ஒரு வருடமாக நான் ஒளிந்துகொண்டிருந்த அதே புதர். ஆனால் இப்போது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. “கஸ்தூரிக்கு” என்றேன்.

திருத்த அறிவிப்பை எழுதி கஸ்தூரியிடம் காட்டினேன். ‘பின்னர் கிடைத்த தகவலின்படி’ என்று தொடங்கியிருந்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

“கிடைச்சுச்சா? அதுவா வந்து உங்க மடியில விழுந்துச்சா சார்?”

“பத்திரிகையில அப்படித்தான் எழுதுவாங்கமா.”

“எல்லாரும் எழுதலாம். நீங்க எழுதாதீங்க.”

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: பூ வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது அச்சாகும் முன்பே எனக்குத் தெரியும், நான் தெரிவிக்கத் தவறினேன், பூவின் ஊர் எது என்ற கேள்வியை முதலிலேயே எழுப்பியவர் கஸ்தூரி. பத்திரிகை ஆசிரியர், இவ்வளவு விவரம் அவசியமா என்று கேட்டு எழுதினார். அவசியம் என்று பதில் போட்டேன். என் கட்டுரைகளில் மிகச் சிறியது அதுதான். வாக்கியம் வாக்கியமாக இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்.

கஸ்தூரி தன் குறிப்பின் தலைப்பை மாற்றினார். ‘கூடுதல்’ போய் ‘முதல்’ வந்தது. முதல் வரியில் அவர் பெயர் மட்டும். என் திருத்தம் முன்னால் வந்துவிட்டது. அவருடையது வரப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் காகிதக் கணக்குப்படி அந்தக் குளவி மலேசியாவில் இல்லை. “பாவம் சார், நாடில்லாம சுத்துது” என்று கஸ்தூரி தினமும் காலையில் வந்து துக்கம் விசாரிப்பார். இருபதாம் நாள் அவர் பெயரைத் திரையில் காட்டினேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். “எழுத்துப்பிழை இல்லையே சார்?” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் குப்பி கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவிய குப்பிகள்.

சில சக ஊழியர்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். என் மற்ற பதினொன்றையும் ஒருவர் மறுபடி சோதித்தார். சோதிக்கத்தான் வேண்டும். எல்லாம் சரியாகவே நின்றன. அது கஸ்தூரியின் வளர்ப்புக்குக் கிடைத்த மதிப்பெண் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பூ எங்கே பூத்தது என்று கேளுங்கள். உங்களைவிடச் சம்பளம் குறைந்தவர் அதைக் கேட்டால், கையில் இருக்கும் கேசரியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தவறு தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். மறுநாள் அது வேறொன்றாகிவிடுகிறது.

ஓய்வு பெற்ற மறு மாதம் கஸ்தூரி காரை எடுத்துக்கொண்டு கிள்ளானில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஏறுங்க சார், மக்சிக்கப் பாக்கப் போறோம்.” ஏழரை மணிக்கு ஜெஞ்சாரோமில் இருந்தோம். மக்சிக் நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரி கைப்பேசியில் குளவியின் பெரிய படத்தைக் காட்டி, இதுதான் உங்கள் வேலியில் கிடைத்தது, நாட்டுக்கே முதல் முறை, உங்கள் பெயரும் கட்டுரையில் இருக்கிறது என்று மலாயில் விளக்கினார்.

மக்சிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இதுவா? இது தினமும் காலையில் வருமே. வெயில் ஏறுவதற்குள் போய்விடும். எத்தனையோ வருடமாக வருகிறது.”

“சொல்லவே இல்லையே மக்சிக்!”

“நீங்கள் யாரும் கேட்கவில்லையே” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு இரண்டு பொட்டலம் எடுத்து வைத்தார். கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாங்கள் வேலியருகே குனிந்து நின்றோம். அத்தனை வருட வேலையில் நான் பார்த்த குளவிகளெல்லாம் குப்பியிலோ ஊசியிலோதான். செடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை நின்று பார்த்ததே இல்லை. கஸ்தூரி என் முழங்கையைத் தொட்டார். ஒரு மொட்டின்மேல் அது வந்து இறங்கியிருந்தது. உணர்கொம்பால் மொட்டைத் தட்டித் தட்டி நடந்தது. ஓர் இடத்தில் நின்றது. மஞ்சள் கால்களை அகட்டி ஊன்றி, உடம்பை வளைத்து, மயிரிழை போன்ற ஊசியை மொட்டுக்குள் இறக்கியது.

“மூச்சு விடாதீங்க சார்” என்றார் கஸ்தூரி, காதருகே. “பறந்துடும்.”

நான் விடவில்லை.